காய்ச்சல் வந்தால் வாருங்கள்

"காய்ச்சல் வந்தால் உடனே வாருங்கள்" என்று சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பிய டாக்டர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நடந்ததைக் கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் ஒரு கெட்டவரைத் தேடுகிறார்கள். அந்த டாக்டரைக் கண்டுபிடித்ததும் நிம்மதியாகி, நாலு வார்த்தை திட்டிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். என் கோபம் அவ்வளவு சுலபத்தில் தீருகிற கோபம் இல்லை.

அப்போது நாங்கள் டெக்சாஸில், இர்விங்கில் இருந்தோம். நான் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்துகொண்டிருந்தேன். கணவருக்கும் பக்கத்தில் லாஸ் கொலினாஸில்தான் ஆபீஸ். இரண்டாம் வகுப்பில் ஒரு மகள். அவளுக்குப் பிறகு இன்னொரு குழந்தைக்காகப் பல வருடம் ஏங்கி, மருந்து மாத்திரை ஊசி எல்லாம் பார்த்து, போதும் என்று விட்ட பிறகு தரித்த கரு அது. மகள் அதற்கு ஒரு பெயர்கூட வைத்திருந்தாள். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. உங்களை அழவைப்பதற்காக நான் இதை எழுதவில்லை.

கருக்கலைப்பை அந்தந்த மாநிலமே தீர்மானித்துக்கொள்ளலாம் என்று இந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. டெக்சாஸ் காத்திருந்ததுபோலத் தீர்மானித்துவிட்டிருந்தது. கிட்டத்தட்ட முழுத் தடை. தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. மீறுகிற டாக்டருக்கு ஆயுள்வரை சிறை. உதவி செய்கிறவர்கள்மேல் தெருவில் போகிற யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம். இதையெல்லாம் நான் செய்தியில் படித்திருந்தேன். பிள்ளை வேண்டும் என்று தவம் கிடந்தவளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துக்கொண்டேன். வேறு யாருக்கோ போட்ட சட்டம்.

ஐந்தாம் மாதம். ஒரு சனிக்கிழமை காலை, இந்திய மளிகைக்கடையில் பில் போடும் வரிசையில் நின்றிருந்தேன். ஒரு கையில் முருங்கைக்காய், இன்னொரு கையில் தோசை மாவு. கால் வழியாக வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது. பின்னால் நின்ற பெண், "அக்கா, மாவு பாக்கெட் லீக் ஆகுது பாருங்க" என்றாள். குனிந்து பார்த்தேன். மாவு லீக் ஆகவில்லை.

வெளியே காரில் கணவரும் மகளும் காத்திருந்தார்கள். எங்கள் அப்பார்ட்மெண்டின் கீழ்வீட்டில், எங்கள் சர்ச் சபைக்கு வருகிற ஆன்ட்டி ஒருவர் இருந்தார். மகளை அவரிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போனோம். ஸ்கேன் செய்த பெண் முதலில் வானிலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு பேச்சை நிறுத்தினாள். பிறகு திரையை என் பார்வையிலிருந்து திருப்பினாள்.

டாக்டர் வந்தார். இளம்பெண், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். நடந்த பேச்செல்லாம் ஆங்கிலம்தான். என் நினைவில் அது தமிழாகத்தான் தங்கியிருக்கிறது. பனிக்குடம் உடைந்து தண்ணீர் முழுவதும் வெளியேறிவிட்டது. தண்ணீர் இல்லாமல் நுரையீரல் வளராது. இவ்வளவு சின்னக் குழந்தை பிழைக்க வழியே இல்லை. மன்னிக்க வேண்டும் என்றார்.

கணவர் என் தோளைப் பிடித்தபடி, "சரி, இப்போ என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

டாக்டர் ஸ்கேன் தாளை மறுபடி எடுத்துப் புரட்டினார். கேள்வி புரியவில்லையோ என்று நினைத்து கணவர் இன்னொரு முறை கேட்டார்.

"குழந்தையின் இதயம் துடித்துக்கொண்டிருக்கிறது. அது நிற்கும்வரை நாங்கள் எதுவும் செய்ய முடியாது. அல்லது உங்கள் மனைவியின் நிலைமை மோசமாக வேண்டும்."

"மோசமாகன்னா?"

"கருப்பையில் கிருமி தொற்றலாம். அதற்கு வாய்ப்பு அதிகம்."

"தொற்றினா உயிருக்கு ஆபத்தா?"

"ஆமாம்."

"அப்போ அது தொற்றுறதுக்கு முன்னாடி செய்யறதுதானே வைத்தியம்?"

அந்தப் பெண் கையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் எதையும் முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடாத ஆள். ஸ்கேனுக்குக் காத்திருந்த நேரத்திலேயே போனில் ஏதேதோ படித்துவிட்டிருந்தார். மத்திய அரசுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அரசின் மருத்துவக் காப்பீட்டுப் பணம் வாங்குகிற எந்த ஆஸ்பத்திரியும் எமர்ஜென்சிக்கு வந்தவரின் உடல்நிலையைச் சீராக்காமல் திருப்பி அனுப்பக்கூடாது. பல வருடப் பழைய சட்டம். தீர்ப்பு வந்தபின் வாஷிங்டன் அதை எல்லா ஆஸ்பத்திரிக்கும் நினைவுபடுத்தியிருந்தது. கருவைக் கலைப்பதுதான் சிகிச்சை என்றால் அதையும் செய்யத்தான் வேண்டும், மாநிலச் சட்டம் குறுக்கே நிற்க முடியாது என்று. இதை என் கணவர் ஒரு பள்ளிக்கூடப் பையன்போல, போனைப் பார்த்து வாசித்துக் காட்டினார்.

"எனக்கும் அந்தச் சட்டம் தெரியும், சார்" என்றார் டாக்டர். "டெக்சாஸ் வழக்குப் போட்டு அந்த அறிவுரைக்குத் தடை வாங்கிவிட்டது. இந்த மாநிலத்தில் அது இப்போது நடக்காது. நான் மேலே கேட்டுவிட்டுத்தான் உங்களிடம் வந்தேன். எங்கள் வக்கீல்கள் காத்திருக்கச் சொல்கிறார்கள்."

"வக்கீல் சொல்றாரா? அப்போ அவரை வரச் சொல்லுங்க. அவரே வந்து இவளைப் பரிசோதிக்கட்டும்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை. காய்ச்சல் வந்தால் வாருங்கள், ரத்தம் அதிகம் போனால் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். சக்கர நாற்காலியில் வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுக்கையில் கிடந்தேன். கணவர் அடிக்கடி வந்து தெர்மாமீட்டரை வைத்தார். ஒவ்வொரு முறையும் காய்ச்சல் இல்லை என்று தெரியும்போது இருவருக்கும் நிம்மதி வரும். அடுத்த நொடியே, காய்ச்சல் வந்தால்தான் வைத்தியம் என்பது நினைவுக்கு வரும். உடம்பு கெடாமல் இருக்க ஜெபிப்பதா, சீக்கிரம் கெட ஜெபிப்பதா? வாழ்க்கையில் இப்படி ஒரு குழப்பத்தில் ஒரு மனுஷியைத் தள்ள ஒரு சட்டசபை கூடி, கையைத் தூக்கி ஓட்டுப் போட்டிருக்கிறது. ஓட்டுப் போட்ட கைகளில் ஒன்றுகூட அந்த ஞாயிற்றுக்கிழமை என் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வரவில்லை. குழந்தை அசைந்துகொண்டிருந்தது. தண்ணீர் இல்லாத வயிற்றில் அந்த அசைவு சதையில் உரசுவதுபோல இருந்தது.

சபை ஆன்ட்டி கஞ்சி கொண்டுவந்தார். கட்டிலருகே முழங்கால் போட்டார். "அழாதம்மா. அற்புதம் நடக்கும். எல்லாரையும் ஜெபம் பண்ணச் சொல்லியிருக்கேன்" என்றார். நல்ல மனுஷி. ஆனால் எனக்கு அப்போது அற்புதம் தேவையாக இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் செய்யத் தெரிந்த, சாதாரணமான ஒரு வைத்தியம்தான் தேவையாக இருந்தது.

திங்கட்கிழமை என்னுடைய வழக்கமான மகப்பேறு டாக்டரிடம் போனோம். அவர் தமிழ்ப்பெண். மதுரைக்காரர் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். முதல் பிரசவத்திலிருந்து அவரிடம்தான் போகிறேன். ஒருநாளும் என்னிடம் தமிழில் பேசியதில்லை. நான் தமிழில் தொடங்கினாலும் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். அன்றும் நர்ஸ் பக்கத்தில் நிற்க, கண்காணிப்போம், பொறுத்துப் பார்ப்போம் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு எதையோ எடுத்துவரச் சொல்லி நர்ஸை வெளியே அனுப்பினார். கதவைச் சாத்தினார்.

"உங்களுக்கு வேற ஸ்டேட்ல யாரும்மா இருக்காங்க?"

தமிழ். எனக்கு ஒரு கணம் யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை.

"இவரோட அக்கா, எடிசன்ல. நியூ ஜெர்ஸி."

"கிளம்பிப் போயிடுங்க. நாளைக்குள்ள போய்ச் சேர்ந்திடணும். அங்க போய் நேரா எமர்ஜென்சிக்குப் போங்க. அங்க செய்வாங்க."

"ஃப்ளைட்ல காய்ச்சல் வந்தா, டாக்டர்?"

"வரலாம். இங்க இருந்தாலும் வரும். இங்க வந்தா, எவ்வளவு காய்ச்சல் போதும்னு நாலு பேர் உட்கார்ந்து பேசுவாங்க. அதுக்குள்ள உடம்பு பூரா பரவிடும். நான் பார்த்திருக்கேன்."

"நீங்களே செஞ்சா என்ன?" என்று கேட்டேன். "நீங்கதானே என் டாக்டர்."

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "நான் ஜெயிலுக்குப் போயிட்டா என் மத்த பேஷண்ட்ஸை யாரும்மா பார்ப்பாங்க? நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க."

கதவு திறந்தது. நர்ஸ் உள்ளே வந்தாள். டாக்டர் மறுபடி ஆங்கிலத்துக்குப் போய்விட்டார். அவருக்கு நான் நன்றியோடு இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்று எனக்கு நன்றி வரவில்லை. வைத்தியத்தைக் கள்ளச்சாராயம்போலக் கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாகச் சொல்ல வேண்டியிருந்ததே என்று அவர் மேலும் கோபம் வந்தது, அவரை அப்படி ஆக்கியவர்கள் மேலும் வந்தது.

மகளைக் கீழ்வீட்டு ஆன்ட்டியிடம் விட்டோம். நியூ ஜெர்ஸியில் பெரிய டாக்டரிடம் காட்டப் போகிறோம் என்று மட்டும் கணவர் சொன்னார். உண்மையைச் சொன்னால் ஆன்ட்டியும் 'உதவி செய்தவர்' ஆகிவிடுவாரோ என்று பயம். ஆன்ட்டி வீட்டு அங்கிள் ஏர்போர்ட்டில் கொண்டுவிட வருகிறேன் என்றதற்கும் கணவர் வேண்டாம் என்றுவிட்டார். காரை அவரே ஓட்டினார். வழியெல்லாம் பின்னால் வருகிற வண்டிகளைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"யாரைப் பார்க்கறீங்க?"

"ஒண்ணுமில்ல." கொஞ்சதூரம் போய், "போலீஸ் கேஸ் ஏதாவது ஆச்சுன்னா நம்ம விசா என்ன ஆகும்னு யோசிக்கிறேன்" என்றார்.

மாநிலம் விட்டு மாநிலம் போவது எங்கள் உரிமை என்று அவருக்குத் தெரியும். சட்டத்தில் எந்தப் பெண்ணையும் தண்டிக்க இடமில்லை என்றும் தெரியும். படித்திருந்தார். கிரீன் கார்டுக்குப் பல வருடமாக வரிசையில் நிற்கிறவனுக்குப் படித்தது எதுவும் பயத்தைப் போக்காது. வரி கட்டுகிறோம், ரெட் லைட்டில் ஒழுங்காக நிற்கிறோம், ஒரு டிராஃபிக் அபராதம்கூட வாங்கியதில்லை. ஒரு வைத்தியத்துக்குப் போகும் வழியில் கடத்தல்காரர்களைப்போலக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு போனோம். அந்த அவமானத்தை நினைத்தால் இன்றைக்கும் என் பல் கடிபடுகிறது.

விமானத்தில் நடைபாதை ஓரத்து இருக்கையில் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்ப்பக்கத்து வெள்ளைக்காரப் பெண்மணி என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தார். எப்போது பிறக்கும் என்று கேட்டார். நான் மாதத்தைச் சொன்னேன். வெயில் காலத்துப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள் என்று வாழ்த்தினார். தேங்க் யூ என்றேன். நெவார்க்கில் இறங்கும்போது எனக்குக் குளிரத் தொடங்கியது. விமானத்தின் ஏசி என்று சொல்லிக்கொண்டேன்.

கணவரின் அக்கா எங்களை அழைத்துப்போக வந்திருந்தார். நான் அவரை மதினி என்றுதான் கூப்பிடுவேன். திருநெல்வேலிப் பக்கத்து வழக்கம். எடிசனில் பல வருடமாக இருக்கிறார். ஞாயிறு ஆராதனை, வெள்ளி உபவாச ஜெபம் எதையும் தவறவிடாதவர். தீர்ப்பு வந்த அன்று குடும்ப வாட்ஸ்அப்பில் முதலில் "ஸ்தோத்திரம்" போட்டவர் அவர்தான். கும்பிடும் கைகள் வரிசையாகப் பத்தோ பன்னிரண்டோ. அவர் வீட்டுக்குத்தான் போகிறோம் என்பது விமானம் முழுக்க என்னை உறுத்திக்கொண்டிருந்தது. என்ன கேட்பாரோ, என்ன பதில் சொல்வதோ.

மதினி எதுவும் கேட்கவில்லை. புறங்கையை என் கழுத்தில் வைத்தார்.

"இவளுக்குச் சுடுதுல்லா. தம்பி, பெட்டியப் பின்னால போடு. வீட்டுக்கு வேண்டாம், நேரா ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

வண்டியை அவரே ஓட்டினார். முன்னால் போன லாரிக்கு விடாமல் ஹார்ன் அடித்தார். அவர் ஹார்ன் அடித்து நான் பார்த்ததே இல்லை.

அந்த ஆஸ்பத்திரி டாக்டரும் பெண்தான். பனிக்குடம் எப்போது உடைந்தது என்று கேட்டார். சனிக்கிழமை என்றேன். அன்று செவ்வாய்.

"அதுவரை எங்கே இருந்தீர்கள்?"

"டெக்சாஸில்."

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். நர்ஸைப் பார்த்து வேகமாக ஏதோ சொன்னார். கையில் ஊசி ஏறியது, மருந்து ஏறியது. கருப்பையில் தொற்று ஆரம்பித்துவிட்டது, இனிக் காத்திருப்பது ஆபத்து, மருந்து கொடுத்துப் பிரசவிக்க வைக்க வேண்டும், சம்மதமா என்று கேட்டார். அவ்வளவுதான். வக்கீல் வரவில்லை. யாரும் கதவைச் சாத்தவில்லை. குரலைத் தாழ்த்தவில்லை. சளிக்கு வைத்தியம் சொல்வதுபோலச் சொன்னார். அந்தச் சாதாரணத்தைக் கண்டுதான் நான் உடைந்து அழுதேன். துக்கத்தில் அழுகிறேன் என்று நினைத்து அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

குழந்தை பிறந்தது. கணவர் கையில் வாங்கினார். அதைப் பற்றி எழுத மாட்டேன். எனக்கு ரத்தம் நிறையப் போய், ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் ஒருநாள் தாமதித்திருந்தால் என்று தொடங்கிய அந்த டாக்டர், வாக்கியத்தை முடிக்கவில்லை.

ஒரே நாடு. ஒரே பணம், ஒரே கொடி, எங்கள் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருப்பதும் ஒரே விசா. ஓரிடத்தில் எனக்கு வைத்தியம். இன்னோரிடத்தில் அதே வைத்தியத்துக்குச் சிறை. நடுவில் ஒரு விமானப் பயணம். அந்த டிக்கெட் வாங்க முடியாதவள், லீவு கிடைக்காதவள், வேறு மாநிலத்தில் மதினி இல்லாதவள் என்ன ஆவாள்? வாஷிங்டனில் இருப்பவர்களுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் கொண்டுவரப் பார்த்தார்கள். செனட்டில் போதிய ஓட்டு இல்லை என்று அது படுத்துவிட்டது.

மதினி வீட்டில் சில நாள் இருந்தேன். ஒரு மத்தியானம் ரசம் சாதம் பிசைந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அன்னைக்குக் குரூப்ல ஸ்தோத்திரம் போட்டேம்லா."

"ம்."

"அது ஒன்ன மாதிரி ஆளுக்காவ போட்டது இல்ல. சும்மா வேண்டாம்னு கலைக்கவங்கள நெனச்சுப் போட்டது."

"சட்டத்துக்கு என்னைத் தெரியாது மதினி."

அவர் ரசப் பாத்திரத்தை மூடி வைத்தார். "நான் இப்பவும் அதப் பாவம்னுதான் நெனைக்கேன். பொய் சொல்லக்கூடாது. ஆனா நீ செத்திருப்ப. அதுவும் எனக்குத் தெரியுது. ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்தா ஒண்ணும் ஓட மாட்டேங்குது."

"சும்மா வேண்டாம்னு யாரும் கலைக்கறது இல்ல மதினி. அவளவளுக்கு ஒரு காரணம் இருக்கும். அது ஆஸ்பத்திரில உட்கார்ந்திருக்கற வக்கீலுக்குப் புரியணும்னு அவசியம் இல்ல."

"சாப்பிடு, ஆறுது" என்றார். அதற்குமேல் நாங்கள் இருவரும் அதைப் பேசவில்லை. அவர் மாறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். குரூப்பில் அதற்குப் பிறகு அந்த விஷயத்துக்குக் கை கும்பிடுவதை நிறுத்தினார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இர்விங் திரும்பினோம். சபையில் எல்லோருக்கும் செய்தி போயிருந்தது: கலைஞ்சிடுச்சாம், பாவம். கணவர்தான் அப்படிச் சொல்லியிருந்தார். எங்கள் பாஷையில் அது எவ்வளவு வசதி பாருங்கள். 'கலைஞ்சிடுச்சு' என்றால் தானாக நடந்தது. யார் மேலும் பழி இல்லை. 'கலைச்சேன்' என்றால் எல்லோர் முகமும் மாறும். நடுவில் ஒரு 'ஞ்' போய் ஒரு 'ச்' வந்தால் போதும். ஆன்ட்டி வீட்டில் எனக்காக ஜெபக்கூட்டம் வைத்தார்கள். முடிந்து டீ குடிக்கும்போது வேறோர் ஆன்ட்டி என் கையைப் பிடித்து, "கலைஞ்சு போறது நம்ம கையில இல்லம்மா. மனசைத் தேத்திக்கோ" என்றார்.

"தானா கலையல ஆன்ட்டி. நாங்கதான் கலைச்சோம்" என்றேன். "இங்க செய்ய மாட்டேன்னாங்க. நியூ ஜெர்ஸி போய்ச் செஞ்சோம். அதனாலதான் இப்போ உங்ககூட உட்கார்ந்து டீ குடிக்கிறேன்."

ஒருவர் பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். கணவர் தலையைக் குனிந்துகொண்டார். காரில் ஏறியதும், "அதைச் சொல்லியே ஆகணுமா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். சபையில் சிலர் அதன்பிறகு என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். கீழ்வீட்டு ஆன்ட்டி குறைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.

செக்கப்புக்கு அதே மதுரை டாக்டரிடம் போனேன். ஆங்கிலத்தில் வருத்தம் சொன்னார். நான் தமிழில், "ஃப்ளைட்லயே காய்ச்சல் வந்திடுச்சு டாக்டர்" என்றேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து என் பக்கம் திரும்பினார். நர்ஸ் பக்கத்தில் இருக்கும்போதே தமிழுக்கு வந்தார்.

"போன வாரம் இன்னொரு பொண்ணு. உங்களை மாதிரியே. அவளுக்குப் போறதுக்கு வேற ஊர்ல யாருமில்ல. கைக்குழந்தை வேற இருக்கு."

"என்ன ஆச்சு?"

"ஐசியூல இருக்கா. பொழச்சுக்குவா. கருப்பையை எடுத்துட்டாங்க."

அவள் யாரென்று எனக்குத் தெரியாது. எந்த ஊர், எந்த பாஷை, ஒன்றும் தெரியாது. அன்று மாலை வீட்டுக்கு வந்து எங்கள் பகுதியின் காங்கிரஸ் உறுப்பினர், அதாவது நம் ஊர் எம்.பி. மாதிரி, பொதுமக்களை எப்போது சந்திக்கிறார் என்று தேடினேன். அதுவரை இந்த நாட்டில் அரசியல்வாதி எவரையும் நான் நேரில் பார்த்ததில்லை. ஓட்டு இல்லாதவளுக்கு அங்கே என்ன வேலை என்று இருந்துவிட்டேன்.

கூட்டம் ஒரு நூலக அறையில் நடந்தது. உறுப்பினர் வரவில்லை, அவருடைய உதவியாளர், ஓர் இளைஞர், வந்திருந்தார். உறுப்பினரின் கட்சி எங்கள் பக்கம் பேசுகிற கட்சி. என் முறை வந்ததும் எழுந்து, எனக்கு நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். மாநிலம் இப்படிச் செய்துவிட்டது, மத்திய அரசால் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன்.

அவர் நன்றாகத்தான் தயாராக வந்திருந்தார். ஆஸ்பத்திரிகள் அவசரச் சிகிச்சைச் சட்டத்தை மதிக்க வைக்க வழக்கு நடத்தலாம். கருக்கலைப்பு மாத்திரைக்கு மத்திய அரசு கொடுத்த அனுமதியையும், அது தபாலில் வருவதையும் காப்பாற்றலாம். வேறு மாநிலம் போகிறவர்களுக்கும் அழைத்துப்போகிறவர்களுக்கும் பாதுகாப்புக் கொடுக்கலாம். இரண்டு அவையிலும் ஓட்டுக் கிடைத்தால் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் கொண்டுவரலாம். அதற்குத்தான் உழைக்கிறோம் என்றார். சிலர் கைதட்டினார்கள்.

"இதுல எது அன்னைக்கு என்னை அந்த எமர்ஜென்சில காப்பாத்தியிருக்கும்?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். பொய் சொல்லாமல் இருந்ததற்காக அவரை மதிக்கிறேன். "முதலாவது" என்றார்.

"அது ஏற்கெனவே இருக்கிற சட்டம்தானே?"

"ஆமாம், மேடம்."

"அப்போ இருக்கிற சட்டமே என்னைக் காப்பாத்தலை. வரப்போற சட்டத்துக்குக் கைதட்டச் சொல்றீங்க."

அவர் என்னுடைய வோட்டர் பதிவு எந்தத் தொகுதியில் என்று கேட்டார். ஓட்டு இல்லை, விசாவில் இருக்கிறேன் என்றேன். "ஓ" என்றார். அந்த "ஓ"வைக் கேட்டு நான் உட்கார்ந்தேன். ஆனாலும் அதற்குப் பிறகும் போனேன். மாநிலத் தலைநகரம்வரை போய், சட்டசபைக் கமிட்டி முன்னால் பேசக் காத்திருந்தேன். பேச எனக்குக் கொடுத்த நேரத்தில் பாதிவரை ஓர் உறுப்பினர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேச்சை நிறுத்திவிட்டு அவர் நிமிரும்வரை நின்றேன். நிமிர்ந்தார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

பிறகு டெக்சாஸ் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. என்னைப்போல் பனிக்குடம் முன்கூட்டியே உடைந்தவளுக்கு வைத்தியம் செய்த டாக்டர், தன்மேல் வழக்கு வந்தால் கோர்ட்டில் இதை ஒரு காரணமாகச் சொல்லிக்கொள்ளலாமாம். முதலில் வழக்கு வரட்டும், அப்புறம் சொல்லிக்கொள். இதற்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். அதற்குப் பின்னும் சில பெண்கள் செய்தியில் வந்த பிறகு இன்னும் கொஞ்சம் திருத்தினார்கள். வாஷிங்டனில் ஆட்சி மாறியது. என் கணவர் போனில் வாசித்துக் காட்டிய அந்த அறிவுரையை மத்திய அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது. பழைய சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது, யார் எப்படி வேண்டுமானாலும் படித்துக்கொள்ளும்படி.

கணவருக்குக் கலிபோர்னியாவில் வேலை கிடைத்ததும் அங்கேயே டப்ளின் என்கிற ஊருக்கு வந்துவிட்டோம். இங்கே வந்தபிறகு, இன்னொரு குழந்தைக்கு முயற்சி செய்யலாமா என்று அவர் ஒருமுறை கேட்டார். வேண்டாம் என்றேன். வயதும் ஆகிவிட்டது, ஆனால் வயது ஆகும்வரை டெக்சாஸில் பயந்துகொண்டே கழித்த அந்த வருடங்களை யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். மதுரை டாக்டரும் டெக்சாஸை விட்டுப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அவருடைய மற்ற பேஷண்டுகளை இப்போது யார் பார்க்கிறார்களோ.

மகளுக்குப் பத்து வயது முடியப்போகிறது. போன மாதம் நீச்சல் வகுப்பிலிருந்து திரும்பும்போது, ஃப்ரீவேயில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்து அவள், நியூ ஜெர்ஸி போனீர்களே, அந்தத் தடவை நீ செத்துப்போக இருந்தாயா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அத்தையும் அப்பாவும் போனில் பேசியது காதில் விழுந்ததாம்.

"ஆமா" என்றேன்.

பேபியாலா என்று கேட்டாள்.

"இல்லடா. பேபி ஒண்ணும் பண்ணலை."

அப்போ யாரால் என்று கேட்டாள். வண்டிகள் நகரவில்லை. நான் தமிழில், அவளுக்குப் புரிகிற வார்த்தைகளில், கடையில் நின்றதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இடையிடையே ஆங்கிலத்தில் கேட்டாள். டாக்டருக்கு மருந்து தெரியும்தானே, அப்புறம் ஏன் கொடுக்கவில்லை என்று இரண்டு முறை கேட்டாள். இரண்டாவது முறை சொன்னபோது முன்னிருக்கையைக் காலால் உதைத்தாள். என் முதுகில் பட்டது. வேறு நாளாக இருந்தால் திட்டியிருப்பேன். அன்று உதைக்கட்டும் என்று விட்டுவிட்டு ஓட்டினேன்.